கீதன் வாங்கவைத்த வண்டி

கதவைத் திறந்த சுதா கீதனின் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்கண்ணா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டு வருடமாக இப்படித்தான். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் வடை வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் இருக்கும் இந்த ஒன்பதாம் மாடி வீட்டுக்குக் கீதன் வருவான். அவன் கிளம்பும்வரை அவள் வெளியே வரமாட்டாள். வெறுக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வான்.

"வடையச் சீக்கிரம் குடு லா, ஆறிடப்போகுது" என்றான் சுதாவின் கணவன் வெங்கட். கீதனோடு ஒன்றாகப் படித்தவன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இல்லாத இடது காலில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் கீதனுக்கு அந்த மோட்டார் சைக்கிள் கடைதான் நினைவுக்கு வரும். பெரிய மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்த கையோடு வெங்கட் அவனைத்தான் துணைக்குக் கூட்டிப் போனான். போனவன் ஒரு வண்டியை விட்டு நகரவேயில்லை. வட்ட ஹெட்லைட், பளபளக்கும் சைலன்சர், பழுப்புத் தோல் சீட். பார்வைக்கு அறுபது வருடத்துப் பழசு, உள்ளே எல்லாம் புதுசு.

"இதுல போனா நாலு பக்கமும் பாத்துக்கிட்டே போலாம்டா. சுதாவும் வசதியா உட்காருவா" என்றான் வெங்கட், டேங்கைத் தடவியபடி.

கீதன் சிரித்தான். "இது ரிட்டையர் ஆன அங்கிளுங்க ஓட்டுறது. காப்பி குடிக்கப் போறதுக்கா லைசென்ஸ் எடுத்தே?"

வெங்கட்டின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த பிறகும், தன்னிடம் இருந்ததைப் போன்ற கூர்மூக்கு ஸ்போர்ட்ஸ் வண்டியின் பக்கம் அவனை இழுத்துக்கொண்டு போனான் கீதன். நாலே நொடியில் நூறைத் தொடும் வண்டி.

உண்மையில் அந்த வட்ட விளக்கு கீதனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் மலேசிய நெடுஞ்சாலையில் தன்னோடு சரிக்குச் சரி பறக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காக நண்பனின் ஆசையைக் கேலி செய்தே கொன்றான்.

வெங்கட் ஸ்போர்ட்ஸ் வண்டியையே வாங்கினான். நாலாவது மாதம், சுவா சூ காங்கைத் தாண்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில் அந்த வண்டி சறுக்கித் தடுப்பில் மோதியது. வெங்கட்டின் கால் போயிற்று. கூடப் போயிருந்த சுதாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. 'வேகமாகப் போனேன், தப்பு என்னுடையதுதான்' என்று வெங்கட் போலீசில் எழுதிக் கொடுத்தான்.

கீதன் அந்த மாதமே தன் வண்டியை விற்றான். சின்ன வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் வைத்துக்கொண்டு சாங்கிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வந்த சுதாவும் அதை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு மாறினாள். அவளையும் பயங்கொள்ளியாக்கிவிட்டோமே என்று அதுவும் அவனை அரித்தது.

வெங்கட்டிடம் ஒருமுறை சொல்லி அழுதிருக்கிறான். "விடுடா, அதப் பேசாத" என்று அவன் வாயை அடைத்துவிட்டான். சுதாவிடம் சொல்லத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.

ஆபீஸிலிருந்து போன் வந்தது. வெங்கட் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இன்று விட்டால் என்றைக்கும் இல்லை என்று கீதன் அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"சுதா, அந்த வண்டிய வெங்கட் விரும்பி வாங்கல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "தெரியும். அந்தப் பழைய மாடல் வண்டியோட போட்டோ இன்னும் அவர் போன்ல இருக்கு."

"நான்தான் கிண்டல் பண்ணி மாத்தினேன். அவன் அத வாங்கியிருந்தா இன்னைக்கு ரெண்டு காலோட நடந்திருப்பான்."

அவள் குழாயை மூடினாள். "அது மெதுவாத்தான் கிளம்புமாம். இது அப்படி இல்லண்ணா. லேசா முறுக்கினாலே பாஞ்சிடும். பயந்து பிரேக் புடிக்கறதுக்குள்ள கைய விட்டுப் போயிடும்." சொல்லும்போதே அவளுடைய ஈரமான வலது கை தானாக மடங்கித் திரும்பியது.

வெங்கட் சொல்லிக் கேட்டிருப்பாள் என்று நினைத்தான் கீதன். "என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க சுதா. நீங்க முகம் குடுக்காம உள்ள போறது தாங்கல. எவ்வளவு கோபம்னு எனக்குப் புரியுது."

"கோபமா?" அவள் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்க மேலயா?"

அவன் தலையாட்டினான்.

"நீங்க வந்து உங்க தப்புன்னு ஒடுங்கிப்போய் உட்காருவீங்க. அதப் பாக்க முடியாமத்தான் நான் உள்ள வந்துடறேன்." சாத்தியிருந்த அறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரல் தேய்ந்தது. "போலீஸ்ல அவர் எழுதிக் குடுத்தது பொய்ண்ணா."

"பொய்யா? எது?"

"அன்னைக்கு ஓட்டினது நான்."