மிலா பாஸாயிட்டா

"உகோய் அண்ணே, மிலா பாஸாயிட்டா. அடுத்த வாரம் காட்டுல விட்டுடலாம்," என்றாள் டாக்டர் ரத்னி, தீனி வைக்க வந்த உகோயிடம்.

காப்பகத்தின் மற்ற ஒராங்குட்டான்கள் ஆளைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அதனாலேயே அவற்றைக் காட்டில் விட முடியவில்லை. மிலா மட்டும் ஆள் வாடை பட்டாலே மர உச்சிக்கு ஏறிவிடுவாள்.

"எப்படிண்ணே இப்படிப் பழக்குனீங்க?"

"நான் பழக்கலம்மா. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட அது என் கையால பழம் வாங்கல."

"வாங்காததுதானே நல்லது. மத்ததுங்களுக்கும் இந்தப் பயத்தைச் சொல்லிக்குடுங்க."

உகோய் பழக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார். இந்த வேலைக்கு வருமுன் அவர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் துப்பாக்கிக் காவலாளி. அவர் சுட்டதில் விழுந்த தாயின் மார்பிலிருந்து, பால்குடி மறவாத மிலாவைப் பிய்த்தெடுத்ததும் அவர் கைதான்.