கவ்ரீலின் கோட்டு

என் கணவர் கவ்ரீல் இறந்து இன்று நாற்பதாம் நாள். ஊர் வழக்கப்படி அவருடைய கோட்டை, அதே உடல்வாகுள்ள பக்கத்து வீட்டுத் தோதருக்குப் போட்டுவிட்டு, கவ்ரீலின் நாற்காலியில் உட்காரவைத்துச் சோளக்களி பரிமாறுகிறேன். மூன்று தடவை துவைத்தும், ஜன்னல் வெயிலில் கோட்டிலிருந்து மரத்தூள் எழும்புகிறது. “வீட்டுக்காக ரெண்டு ஷிப்ட் பாத்த மனுசன். கோட்டு இன்னும் சூடாவே இருக்கு தங்கச்சி,” என்கிறார் தோதர். மர மில்லிலிருந்து வரும்போதெல்லாம் கவ்ரீல் அக்ரூட் உடைத்து, பருப்பை எங்கள் மகள் வோய்காவுக்காகக் கோட்டுப் பையில் கொண்டுவருவார். பழக்கத்தில் வோய்கா கண்ணை மூடி உள்ளங்கையை நீட்டுகிறாள். தோதரின் கை தானாகப் பையைத் தேடிப் போகிறது. “பையெல்லாம் தச்சு மூடியிருக்கே,” என்கிறார். “செத்தவங்க கோட்டுப் பையைத் தச்சு மூடித்தானண்ணே குடுக்கணும்,” என்கிறேன். வோய்கா கண்ணைத் திறக்காமலே எதையோ நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருக்கிறாள்.