தேன்மொழி ஓட்டிய வண்டி

இடது கால் சுளுக்கிக்கொண்டதால்தான் நவநீதன் அன்று தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை மனைவி தேன்மொழியிடம் கொடுத்தான். வாங்கிய நான்கு வருடங்களில் அதை அவன் வேறு யாரையும் ஓட்ட விட்டதில்லை. கோத்தகிரியிலிருந்து இறங்கும் முதல் வளைவிலேயே அவள் திணறுவாள் என்று எதிர்பார்த்தான். திணறினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவளோ வளைவுக்கு நன்றாக முன்பே பிரேக்கைத் தொட்டு, கியரைக் குறைத்து, வண்டியை அதன் போக்கில் திரும்ப விட்டாள். இன்ஜின் அடித்தொண்டையில் பாடுவதுபோல் முழங்கியது. அவனிடம் அது ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"எப்பவுமே இப்படித்தான் சத்தம் வருங்களா?" என்று கேட்டாள்.

"எப்பவுமே," என்றான்.

ஐந்தாவது வளைவு தாண்டியதும் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் கேட்டிராத சிரிப்பு. வண்டியை நினைத்தா, அவளை நினைத்தா என்று தெரியாமல் அவனுக்கு வயிறு எரிந்தது.

பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, மேசையில் கிடந்த சாவியை அவன் எடுத்துக்கொண்டான்.

"கால் வலி போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

கிளட்சை மிதித்ததும் வலி மண்டை வரை ஏறியது. காட்டிக்கொள்ளவில்லை. வளைவு நெருங்குகையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழியின் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் அவன் பிரேக்கை மிதித்தான். டயர்கள் கிறீச்சிட, வண்டி ஓரத்துக்கு ஒதுங்கித் திரும்பியது.

அடுத்த வளைவு வந்தபோது அவன் சாலையைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.