அட்டைக்கடி சீன்

"கட்... கட்."

முகேஷ் சொல்வதற்கு முன்பே மணிமேகலை கேமராவை இறக்கிவிட்டாள். வெள்ளனே ஆரம்பித்த வேலை. இன்னும் ஒரு ஷாட்டுகூட தேறவில்லை.

சீன் ரொம்பச் சின்னது. பேத்துப்பாறை மலைக்கிராமத்துக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, வருங்கால மாமனார் முன்னால் பவ்யமாக உட்கார்ந்திருக்கிறான். வேட்டிக்குள் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. சிரித்த முகம் மாறாமல் சமாளிக்க வேண்டும். படமே இந்தக் காமெடியை நம்பித்தான் நிற்கிறது.

மாப்பிள்ளை, விக்னேஷ். நண்பர்கள் நாலு பேர் கைக்காசைப் போட்டு எடுக்கும் படம் என்பதால் ஜீப் டிரைவரும் அவன்தான். டைரக்டர் முகேஷே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சவுண்டையும் பார்த்துக்கொண்டான்.

ஒத்திகையில் இதே சீனை விக்னேஷ் செய்து காட்டியபோது மணிமேகலைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இன்றைக்கோ, கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கிறவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, வேட்டிக்குள்ள அட்டை ஏறுதுலே. கொஞ்சமாச்சும் நெளிய வேணாமா?"

"நெளிஞ்சேனேப்பா" என்று கொட்டாவி விட்டான் விக்னேஷ்.

முகேஷின் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. யாரென்று தெரியும்.

ராஜேஷ்குமார். போனில் அவன் போடும் காமெடி வீடியோக்களை லட்சம் பேர் பார்க்கிறார்கள். கதை பிடித்துப்போய் நடிக்கிறேன் என்று கொடைக்கானல் வரை வந்து ரூம் போட்டிருக்கிறான். ஆனால் நடித்தால் ஹீரோவாகத்தான். மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் வந்தால் படம் தியேட்டரைப் பார்க்கும். வராவிட்டால் எடுத்தவர்களே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கதையே விக்னேஷின் சேட்டைகளை வைத்து எழுதியது. எந்த மூஞ்சியோடு அவனிடம் போய் 'நீ வேணாம்' என்பது? நேற்று ராத்திரி முகேஷுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. காலையில் சொல்லிவிடலாம் என்று விக்னேஷ் பக்கத்தில் போய் நின்றவன், "டீ குடிச்சியாலே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

இவன் இப்படியே சொதப்பினால் நல்லது என்று திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. முதலில் கூசியது. அடுத்த டேக்கில் அவ்வளவாகக் கூசவில்லை.

விக்னேஷ் அந்த டேக்கில் வசனத்தையும் மறந்தான். மறந்துவிட்டுச் சிரித்தான்.

"என்னலே இளிப்பு? எவ்வளவு பேரு உழைப்பு இது!" முகேஷ் கத்தினான். "போதும், விட்டுரு. உனக்கு நடிப்பு வராது. நான் அந்த ராஜேஷ்குமாரைக் கேட்டுப் பாக்குறேன்."

அப்போதுதான் தோன்றியது போலச் சொன்னான். மணிமேகலை சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள்.

விக்னேஷ் தலையைச் சொறிந்தான். "அதுவும் சரிதான். எனக்கு வண்டி ஓட்டுற சோலி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு எதிரில் இருந்த சண்முகசுந்தரியக்கா டீக்கடைக்கு நடந்தான். ஒரு சண்டை இல்லை, ஒரு வருத்தம் இல்லை.

முகேஷுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே போன் போட்டு, "வெரசா வாங்க ப்ரோ" என்றான். அதற்கப்புறம் கோபமும் வந்தது. ஒரு வருஷக் கனவு. இந்தப் பயலுக்கு அதில் துளி அக்கறை இருந்ததா?

"இவனை நம்பி மோசம் போகப் பாத்தேன் மணி" என்றான்.

மணிமேகலை லென்ஸைத் துடைத்தாள்.

பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சவுண்டை நிறுத்தலாம் என்று குனிந்த முகேஷின் காதில், ஹெட்போன் வழியாக யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. விக்னேஷ், சட்டையில் குத்திய மைக்கைக் கழற்றாமலே போயிருந்தான்.

"பொண்ணு லட்சணமா இருக்கு மாமா... ஸ்ஸ்... இல்ல மாமா, குளிருதுல்ல, அதான்... நகைநட்டெல்லாம் வேணாம் மாமா, ஒரு துளி உப்பு மட்டும் குடுத்தா... ஆத்தீ, தொடைக்கு வந்துருச்சு மாமா!"

முகேஷுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வெடித்தது. எட்டிப் பார்த்தான். கடை பெஞ்சில் டீ கிளாஸோடு விக்னேஷ் நெளிந்துகொண்டிருந்தான். சண்முகசுந்தரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும்ப்பா, வயிறு வலிக்கி. இதை அங்க செஞ்சா என்ன? பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் உக்காந்திருந்தியே?"

பெஞ்சில் கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு விக்னேஷின் குரல் வந்தது.

"நேத்து ஜீப்புக்கு அடியில படுத்து நட்டு முடுக்கிக்கிட்டு இருந்தேன்க்கா. அது தெரியாம முகேஷு பக்கத்துல நின்னு போன்ல பேசிட்டான். வேற ஹீரோ வந்தாத்தான் படம் போகுமாம். என்கிட்டச் சொல்ல மாட்டாம ராவெல்லாம் பொரண்டுக்கிட்டே கெடக்கான். நான் நல்லா நடிச்சா, பாவம், எப்படிக்கா என்னை வேணாம்பான்?"

முகேஷின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அடப்பாவி, அப்ப காலையிலேருந்து..."

"அவன்கிட்டச் சொல்லிறாதீங்கக்கா" என்றான் விக்னேஷ். "எனக்கு நடிப்பு வராதுன்னு இப்பத்தான் நம்பியிருக்கான்."