ஜவுபர் திருத்திய பிழை

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சல்மா உம்மா. திரையில் ‘பதிவு இல்லை’ என்று வந்திருந்தது.

அவருடைய கணவர் ஸலாஹுதீன் சுனாமியன்று காணாமல் போய் நாலரை வருசம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு வந்து, நிவாரண அலுவலகத்தில் அந்தப் பெயரைத் தேடச் சொல்வார். இல்லை என்றதும் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் போவார். இப்படியும் ஒரு பொறுமையா என்று, அந்த அலுவலகத்தின் கணினி நிரலை எழுதிய ஜவுபருக்குக் கண் கலங்கும்.

“ஆள் மௌத்தாத்தான் போயிருப்பார், உசிரோட இரிந்தா பேர் வந்திரிக்கும். என்ர சிஸ்டத்தில பிழை வராது” என்றான், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கைருன்னிஸாவிடம்.

“சண்டை முடிஞ்ச பிறகு புத்தளம், மன்னார் எண்டு எல்லா ஊர்ப் பதிவும் வந்திரிக்கே. அதையும் தேடுதா, காக்கா?” என்று அவள் அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“தேடாம?”

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். எல்லா வேலைக்கும் கொன்ட்ரோலர் என்ற ஒரேயொரு நிரல் கோப்பு, நாலாயிரத்து முந்நூறு வரி. அந்த நீளத்தில் ஜவுபருக்கு அவ்வளவு பெருமை. அச்செடுத்து மாமனார் வீட்டில் காட்டியும் இருந்தான்.

“கொன்ட்ரோலர் எண்டா கலியாண வீட்டு வாசல்ல நிக்கிற ஆள், காக்கா. வாறவங்கள உரிய இடத்தில கொண்டு போய் இருத்தினா அவர்ர வேலை முடிஞ்சி. நீங்க அவரையே சோறாக்கவும் விட்டு, சாப்பாட்டுச் சஹன் தூக்கவும் விட்டு, கோப்பை கழுவவும் விட்டிரிக்கீங்க.”

ஜவுபருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் வாதாடினான். மூன்றாம் நாள், கதவைச் சாத்திக்கொண்டு தானே வாசித்துப் பார்த்தான். பெயரைத் தேடும் விதியை ஒன்பது இடத்தில் ஒன்பது விதமாக எழுதியிருந்தான். புதிய ஊர்ப் பட்டியல்களை எட்டு இடத்தில் சேர்த்திருந்தான். விட்டுப்போன ஒன்பதாவது, சல்மா உம்மாவுக்காகக் கிழமைக்குக் கிழமை அழுத்திய அதே பொத்தான்.

அந்தப் பெரிய கொன்ட்ரோலரைத் துண்டு துண்டாக்கினான். பதிய ஒன்று, தேட ஒன்று, திருத்த ஒன்று. தேடும் விதியை, தரவைக் கையாளும் மொடலுக்குள் ஒரே இடத்தில் வைத்தான். சொந்த உடம்பை அறுப்பதுபோல் இருந்தது. அறுத்து முடிந்ததும், இந்த முறையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் தான்தான் என்பதுபோல் எல்லோரிடமும் கதைத்துத் திரிந்தான்.

அடுத்த திங்கள் சல்மா உம்மா வந்தார். முதல் தேடல் அவருக்குத்தான் என்று ஜவுபர் காத்திருந்து பொத்தானை அழுத்தினான்.

‘ஸலாஹுதீன். சொந்த ஊர் சாய்ந்தமருது. தற்போது புத்தளம்.’

“சாச்சி! ஆள் உசிரோட இரிக்கார்!” கத்தியே விட்டான்.

சல்மா உம்மா கதிரையில் அப்படியே சரிந்தார். கைருன்னிஸா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆனந்தத்தில் வந்த மயக்கம் என்று ஜவுபர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இந்த ஒரு நாளுக்காகத்தான் படித்தேன் என்றுகூடத் தோன்றியது.

“அவர் தேடினா என்ர பேரும் இப்பிடி வருமா, மகன்?”

“ஏன் வராது? இலங்கையில எங்க இரிந்து தேடினாலும் வரும்!”

சல்மா உம்மா சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது.

“இது கடல் செஞ்சதில்ல. அவர் இன்னும் வரல்ல எண்டு பாத்துட்டு நிம்மதியாப் போகத்தான் கிழமைக்குக் கிழமை இஞ்ச வந்தன்.”

சல்மா உம்மா கணினியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தப் பழைய பிழையத் திரும்பப் போட்டுத் தர ஏலாதா, மகன்?”