சிலிண்டர் சிரித்த போட்டோ

பிஸ்கட் கம்பெனிச் சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்கியது. உள்ளே பவுடர் தீர்ந்து வெகுநாளாயிற்று. ஆனாலும் அதன் கழுத்தில் கட்டியிருந்த அட்டையில், சூப்பர்வைசர் எபனேசர் மாதாமாதம் நடந்தபடியே 'சரி' என்று எழுதிவிட்டுப் போவார்.

ஒருநாள் அட்டை போய் டேப்லெட் வந்தது.

"இனிமே எல்லாம் போட்டோதான் அண்ணே! யாரும் ஏமாத்த முடியாது!" என்றது டேப்லெட்.

சிலிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ என்னை நிஜமாவே பார்ப்பாங்களா?"

"பார்க்காம? எங்க, சிரிங்க!"

சிலிண்டர் பளபளவென்று சிரித்தது. போட்டோவில் அதன் அழுத்தமானி முள், காலி என்று காட்டும் சிவப்பில்தான் நின்றது. எபனேசர் பச்சை டிக்கைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அடுத்த மாதம் நாற்காலியை விட்டு எழாமலே அதே போட்டோவை ஏற்றினார். மறுபடி பச்சை டிக்.

"நூத்துக்கு நூறு அண்ணே!" சிலிண்டருக்குக் கீழே சார்ஜில் கிடந்த டேப்லெட் துள்ளியது. துள்ளத் துள்ளச் சூடேறி, அதன் முதுகில் குப்பென்று புகை கிளம்பியது.

"ஐயோ எரியுதே! அடிங்கண்ணே, சீக்கிரம் அடிங்க!"

"என்கிட்ட ஏது தம்பி பவுடர்?" என்றது சிலிண்டர். "நாம எடுத்த போட்டோ இருக்கே, அதைக் காட்டு. நெருப்பு நம்புதான்னு பார்ப்போம்."