உள்ளறைக் குரல்

"அந்தப் பெரியவர் வீட்டுக்கா போறீங்க? அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே சம்சாரம் போய்ச் சேர்ந்தாச்சே, பல மாசமாச்சு, தெரியாதா சார்?" என்றார் லிஃப்டில் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்.

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெரியவரும் அவர் மனைவியும் வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் நேரில் பார்த்து, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துபவர் இவர்தான். அந்தத் தாள் போனால்தான் அங்கிருந்து பென்ஷன் வரும்.

மகள் கதவைத் திறந்தாள். கூடத்துக் கட்டிலில் பெரியவர் படுத்திருந்தார். பார்வை அடியோடு போய்விட்டது. இதயமும் இன்றோ நாளையோ என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வரேன் சார்" என்று மகள் உள்ளே போனாள்.

"அம்மா எங்கே?" என்றார் வக்கீல், சும்மா கேட்பதுபோல.

"உள்ளதான் இருக்கா. தொண்டைக்கட்டு விட்டபாடில்லை. எனக்கு ஒட்டிக்கும்னு பக்கத்துலயே வரமாட்டேங்கிறா." பெரியவர் குரலை உயர்த்தினார். "ஏய், வக்கீல் சார் வந்திருக்கார்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நீங்க முதல்ல மாத்திரையைப் போடுங்க" என்று உள்ளறையிலிருந்து கரகரத்த கிழக்குரல் வந்தது.

வக்கீல் சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பினார். போன வருஷம் கேட்ட அதே குரல். அதே இழுவை.

"பாத்தீங்களா, படுத்த இடத்துலேர்ந்தே அதிகாரம்!" பெரியவர் சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினார்.

பேய் என்றால்கூடப் பரவாயில்லை, ஓடிவிடலாம். ஆள்மாறாட்டம் என்றால் கம்பி எண்ண வேண்டியதுதான். முத்திரை இவருடையதாயிற்றே! பூனைபோல நடந்துபோய் உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

ஜன்னல் சாத்திய அறை. கட்டிலில் விரிப்பில்லாத வெறும் மெத்தை. மகள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அம்மாவின் பழைய புடவையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"தண்ணி நிறையக் குடிங்க" என்றது அந்தக் கிழக்குரல், அவள் வாயிலிருந்து.

வக்கீலுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. "செத்தவங்க பேர்ல பென்ஷன் வாங்கறியா? அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?" என்று பல்லைக் கடித்தார்.

அவள் பதறியெழுந்து கதவைச் சாத்தினாள்.

"மெதுவா சார்! அம்மா பென்ஷனை அவங்க இறந்த வாரமே நிறுத்தச் சொல்லிட்டேன். அப்பாகிட்டதான் இன்னும் சொல்லலை."